சொந்த வயலின் மீது போர்

ஸ்பார்ட்டாவில் ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து பேர் பதவியேற்பார்கள். எஃபோர்கள் என்று பெயர். அரசர்களையே விசாரணைக்கு நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. பதவியேற்ற கையோடு அவர்கள் போர் அறிவிப்பார்கள். பாரசீகத்தின் மீதோ ஏதென்ஸின் மீதோ இல்லை. தங்களுக்காக உழுது, விதைத்து, அறுத்து, வீட்டுக்குத் தானியம் கொண்டுவந்து கொடுக்கிற ஹெலட்டுகள் மீது. அரிஸ்டாட்டில் சொன்னதாக ப்ளூட்டார்க் இதை எழுதி வைத்திருக்கிறார். காரணமும் கூடவே வருகிறது: போர் என்று அறிவித்துவிட்டால் ஹெலட்டைக் கொல்வது தீட்டாகாது.

இந்தச் சின்னத் தகவல் என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. பழைய உலகத்தில் அடிமைகள் கொல்லப்படுவது புதிய செய்தி இல்லை. ஆனால் அதற்கு முன்கூட்டியே, வருடா வருடம், அரசாங்கமே பாவமன்னிப்பு வாங்கி வைத்துக்கொள்கிற ஏற்பாட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை. செய்யப்போவது தவறே இல்லை என்று நினைக்கிறவனுக்கு இப்படியொரு சடங்கு எதற்கு? தவறு என்று தெரிந்தவனுக்குச் சடங்கு மட்டும் போதுமா?

நான் போகும் ஜிம்மில் ஒரு சுவர் முழுக்க ஸ்பார்ட்டா வீரனின் தலைக்கவசம் வரைந்திருக்கிறார்கள். '300' படம் வந்து இத்தனை வருடமாகியும் அந்தச் சிவப்பு அங்கி நம் ஃபோன்களை விட்டுப் போகவில்லை. விடியுமுன் எழு, பச்சைத் தண்ணீரில் குளி, புலம்பாதே என்று சொல்லும் ரீல்ஸ்களின் பின்னால் லியோனிடாஸ் நிற்கிறார். இதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. உடம்பையும் மனசையும் ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவர ஆசைப்படுவது நல்ல ஆசைதான். அந்த ஆசைக்கு முன்மாதிரியாக நாம் ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமே, அந்த ஊர் தன் நற்குணங்களுக்கு என்ன விலை கொடுத்தது, அந்த விலையை யார் பையிலிருந்து எடுத்தது என்பதைப் பார்க்க வேண்டாமா? பார்த்த பிறகும் அந்த நற்குணங்கள் நற்குணங்களாகவே மிஞ்சுமா? இந்தக் கட்டுரை இந்தக் கேள்விகளைப் பற்றியது.

*

சரி, ஸ்பார்ட்டா எப்படித்தான் இருந்தது?

கிரேக்கத்தின் தெற்கே, பெலோப்பொனீஸ் தீபகற்பத்தில், யூரோட்டாஸ் ஆற்றங்கரையில் இருந்த ஊர். மேற்கே டைகெட்டஸ் மலைத்தொடர். மலைக்கு அந்தப் பக்கம் மெஸ்ஸீனியா என்ற வளமான சமவெளி. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஸ்பார்ட்டா மலையைத் தாண்டிப் போய் அதைப் பிடிக்கத் தொடங்கியது. அங்கே இருந்தவர்களும் கிரேக்கர்களே. அதே மொழி, அதே தெய்வங்கள். நிலம் கைமாறியபோது மனிதர்களும் நிலத்தோடு சேர்ந்து கைமாறினார்கள். விளைச்சலில் பாதியை எசமானர்களுக்கு அவர்கள் சுமந்து போனதை ஸ்பார்ட்டாவின் சொந்தக் கவிஞரான டிர்ட்டேயஸே பாடியிருக்கிறார். மெஸ்ஸீனியாவிலும், ஸ்பார்ட்டாவைச் சுற்றியிருந்த லாக்கோனியாவிலும் இப்படி மண்ணோடு கட்டிப்போடப்பட்டவர்கள்தான் ஹெலட்டுகள். ஏதென்ஸில் சந்தையில் வாங்கிவந்த அடிமைகளைப் போல அல்ல. இவர்களுக்குக் குடும்பம் இருந்தது, குடிசை இருந்தது, இது ஒரு காலத்தில் எங்கள் ஊர் என்ற நினைவும் இருந்தது.

ஸ்பார்ட்டாவின் முழுக் குடிமக்கள் தங்களை 'ஹோமோயோய்' என்று அழைத்துக்கொண்டார்கள். ஒத்தவர்கள், சமமானவர்கள் என்று பொருள். அவர்கள் உழக்கூடாது, கைத்தொழில் செய்யக்கூடாது, வியாபாரம் செய்யக்கூடாது. போருக்குத் தயாராக இருப்பது ஒன்றுதான் வேலை. ஆண்பிள்ளைக்கு 7 வயதானால் வீட்டிலிருந்து பயிற்சிக் கூட்டத்துக்குப் போய்விடுவான். காலில் செருப்பு கிடையாது. வருடத்துக்கு ஒரே ஒரு மேலாடை. படுக்கைக்கு யூரோட்டாஸ் கரையில் நாணலைக் கத்தி இல்லாமல் கையாலேயே ஒடித்து எடுத்துவர வேண்டும். சாப்பாடு வேண்டுமென்றே குறைவாகத்தான் கிடைக்கும்; மிச்சத்தைத் திருடிக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டால் சவுக்கடி. திருடியதற்காக இல்லை, மாட்டிக்கொண்டதற்காக.

வளர்ந்த பிறகு கூட்டாக உட்கார்ந்துதான் சாப்பாடு. அரசரும் அங்கேதான் சாப்பிட வேண்டும். ஒவ்வொருவரும் மாதாமாதம் இவ்வளவு பார்லி, இவ்வளவு திராட்சை மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் என்று பங்கு கொண்டுவர வேண்டும். பெண்பிள்ளைகளும் ஓடினார்கள், மல்யுத்தம் பழகினார்கள். பெண்களின் பெயரில் நிலம் இருந்தது. நாட்டின் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்களின் கையில் இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் குறைபட்டுக்கொள்கிறார்.

ஆட்சி அமைப்பும் சாதாரணமானது இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு அரசர்கள், இரண்டு வம்சங்களிலிருந்து. ஒருவர் தலைகீழாக ஆடினால் மற்றவர் இருக்கிறார். 60 வயது கடந்த 28 மூத்தோர், அரசர்களோடு சேர்த்து 30 பேர் கொண்ட அவை. மூத்தோரைத் தேர்ந்தெடுக்கும் முறை வேடிக்கையானது. போட்டியிடுபவர்கள் ஒவ்வொருவராகச் சபையின் முன்னால் நடந்து போவார்கள். பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் அடைந்திருக்கும் நடுவர்கள் யாருக்குக் கூச்சல் அதிகம் என்று காதால் மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுவார்கள். அரிஸ்டாட்டில் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட்டார். எனக்கு ஓரளவு பிடித்திருக்கிறது. அதைவிடப் பிடித்தது இன்னொரு வழக்கம். மாதத்துக்கு ஒருமுறை அரசரும் எஃபோர்களும் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொள்வார்கள். சட்டப்படி ஆள்வேன் என்று அரசர் சொல்வார். நீ சொன்னபடி நடக்கும்வரை உன் ஆட்சியை அசைக்க மாட்டோம் என்று ஊரின் சார்பில் எஃபோர்கள் சொல்வார்கள். மாதாமாதம்! அதிகாரத்தை நம்பாமல், அதே நேரம் அதை உடைக்காமலும் வைத்திருக்கத் தெரிந்த ஊர்.

ஆக, எளிமை, சமத்துவம், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அரசு, சாவுக்கு அஞ்சாத வீரம். அட, நல்லாத்தானே இருக்கு என்று தோன்றும். ஏதென்ஸில் பிறந்து வளர்ந்த ஸெனஃபோனுக்கே அப்படித்தான் தோன்றியது. ஸ்பார்ட்டாவின் அமைப்பைப் பாராட்டித் தனி நூலே எழுதினார்.

மாதாமாதம் அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வந்த பார்லி எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போதுதான் படம் மாறுகிறது.

*

ப்ளூட்டார்க் சொல்லும் ஒரு கதை. கூட்டணி நாட்டவர்கள் ஸ்பார்ட்டா அரசர் அஜெஸிலாஸிடம் முறையிடுகிறார்கள்: நாங்கள் இத்தனை பேர் வருகிறோம், நீங்கள் கொஞ்சம் பேர்தான் வருகிறீர்கள். அரசர் எல்லோரையும் உட்காரவைத்து, குயவர்கள் எழுந்திருங்கள், கொல்லர்கள் எழுந்திருங்கள், தச்சர்கள் எழுந்திருங்கள் என்று ஒவ்வொரு தொழிலாகச் சொல்கிறார். கூட்டணிக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஸ்பார்ட்டாக்காரர் ஒருவர்கூட எழவில்லை. பார்த்தீர்களா, நாங்கள்தான் அதிகம் வீரர்களைக் கொண்டுவருகிறோம் என்றாராம். '300' படம் இதையே கொஞ்சம் மாற்றி லியோனிடாஸுக்குக் கொடுத்துவிட்டது. தியேட்டரில் விசில் வாங்கும் காட்சி அது.

அந்தக் கூட்டத்தில் யாருக்காவது சமயோசிதம் இருந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: சரி அரசே, உங்களுக்காக உழுகிறவர்கள் எழுந்தால் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஹெரோடோட்டஸிடம் ஒரு கணக்கு இருக்கிறது. கி.மு. 479இல் ப்ளாட்டியா போருக்கு 5,000 ஸ்பார்ட்டாக் குடிமக்கள் போனார்கள். ஒவ்வொருவரோடும் 7 ஹெலட்டுகள். அதாவது 35,000 பேர். போர்க்களத்துக்குப் போனவர்கள் மட்டும் இவ்வளவு. வயலில் எத்தனை பேர் மிச்சம் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு ஸ்பார்ட்டாவை மறுபடியும் பார்த்தால், அந்த ஒழுங்கு முழுக்க வேறு மாதிரித் தெரிகிறது. ஊருக்கு மதில் கிடையாது. எங்கள் ஆண்களே மதில் என்ற பெருமை. ஆனால் வீட்டுக்குள் என்ன நிலைமை? வீட்டில் இருக்கும்போது கேடயத்தின் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள், ஹெலட் எடுத்தால் அது பயன்படக்கூடாது என்பதற்காக. இப்படி க்ரிட்டியாஸின் ஒரு குறிப்பு சொல்கிறது. முகாமில் எப்போதும் ஈட்டியோடுதான் நடமாடுவார்கள் என்று ஸெனஃபோன் எழுதுகிறார். க்ரிட்டியாஸும் ஸெனஃபோனும் ஸ்பார்ட்டாவின் அபிமானிகள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மதில் இல்லாத ஊர்தான். எதிரி உள்ளேயே இருக்கும்போது மதில் கட்டி என்ன செய்ய?

பிறகு க்ரிப்டியா. மறைவானது என்று பொருள். திறமையான இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, குறுவாளும் கொஞ்சம் சாப்பாடும் மட்டும் கொடுத்து நாட்டுப்புறத்துக்கு அனுப்புவார்கள். பகலில் பதுங்கியிருப்பார்கள். இரவில் இறங்கி வந்து வழியில் கிடைக்கும் ஹெலட்டைக் கொல்வார்கள். சிலசமயம் வயலுக்கே போய் ஹெலட்டுகளில் வலுவானவர்களைப் பார்த்துக் கொல்வதும் உண்டு. இது ப்ளூட்டார்க்கின் விவரிப்பு. இதே க்ரிப்டியா பிளேட்டோவின் 'சட்டங்கள்' நூலிலும் வருகிறது. அங்கே பேசுகிறவர் ஒரு ஸ்பார்ட்டாக்காரர். குளிர்காலத்தில் வெறுங்காலோடு, படுக்கையின்றி, வேலைக்காரர் துணையின்றி, இரவும் பகலும் நாடு முழுக்கச் சுற்றுவது. பொறுமையை வளர்க்கும் அருமையான பயிற்சி என்கிறார். கொலை என்ற பேச்சே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. அந்த ஸ்பார்ட்டாக்காரர் பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. வெறுங்கால் உண்மை, குளிர் உண்மை, பொறுமையும் உண்மை. அந்த இளைஞன் எதற்காக அந்த இருட்டில் பொறுமையாக உட்கார்ந்திருந்தான் என்பது மட்டும் விடுபட்டுவிட்டது.

துசிடிடிஸ் சொல்லும் இன்னொன்று இதைவிட மோசம். போரில் எங்களுக்காகச் சிறப்பாகப் பணியாற்றியதாக நினைக்கும் ஹெலட்டுகள் முன்வரலாம், விடுதலை கொடுக்கிறோம் என்று அறிவித்தார்கள். சுமார் 2,000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தலையில் மாலை சூடி, விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் கோயில் கோயிலாகச் சுற்றிவந்தார்கள். பிறகு அவர்கள் காணாமல் போனார்கள். ஒவ்வொருவரும் எப்படி அழிந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. விடுதலைக்கு முதலில் முன்வருகிறவன்தான் முதலில் கலகமும் செய்வான் என்பது கணக்கு. ஸ்பார்ட்டா தன் பிள்ளைகளிடம் எந்தக் குணத்தைச் சவுக்கால் அடித்து வளர்த்ததோ, அதே குணம் ஹெலட்டிடம் தானாக முளைத்தபோது அது மரண தண்டனைக்குரிய குற்றமாகிவிட்டது.

*

இதையெல்லாம் நண்பன் ஒருவனிடம் சொன்னேன். ஜிம்முக்கு என்னை இழுத்துப்போனவன் அவன்தான். "மச்சி, அந்தக் காலத்துல எல்லாரும்தான்டா அடிமை வச்சிருந்தாங்க. ஏதென்ஸ்ல வெள்ளிச் சுரங்கத்துல செத்தவன் எத்தனை பேரு? இன்னைக்கு இருக்குற தராசைத் தூக்கிட்டுப் போய் அவங்களை நிறுக்குறது நியாயமா?" என்றான்.

நல்ல கேள்வி. ஏதென்ஸை நான் காப்பாற்றப் போவதில்லை. லாரியன் சுரங்கங்களின் வெள்ளியில்தான் அதன் கப்பற்படை மிதந்தது. ஆனால் ஸ்பார்ட்டாவை நிறுக்க நம் தராசு தேவையே இல்லை. அவர்களுடைய தராசே போதும். ஒரு மனிதனைக் கொல்வது தீட்டு என்று அவர்களே நம்பினார்கள். ஹெலட்டைக் கொல்வதும் அதில் அடக்கம் என்று நம்பினார்கள். அதனால்தான் போர் அறிவிப்பு. ஆட்டைக் கறிக்கு அறுக்கிறவன் ஆட்டுக்கு எதிராகப் போர் அறிவிப்பதில்லை. போர் அறிவிக்க எதிரில் இன்னொரு மக்கள்கூட்டம் இருக்க வேண்டும். ஹெலட்டுகள் மனிதர்கள், ஒரு மக்கள் என்று ஆண்டுதோறும் ஊரறியச் சொன்னது ஸ்பார்ட்டா அரசாங்கமேதான். எதற்காகச் சொன்னது என்பது வேறு விஷயம்.

சடங்கு அவர்களை முழுசாகக் காப்பாற்றவும் இல்லை. பெலோப்பொனீஸின் தென்முனையில் டைனரோன் என்ற இடத்தில் பொசைடன் கோயில் இருந்தது. அங்கே சரணடைந்த ஹெலட்டுகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். கி.மு. 464 வாக்கில் ஒரு பெரிய நிலநடுக்கம் ஸ்பார்ட்டாவைத் தரைமட்டமாக்கியது. டைனரோனில் நாங்கள் செய்ததற்கு இது தண்டனை என்று ஸ்பார்ட்டாக்காரர்களே நம்பினார்கள் என்கிறார் துசிடிடிஸ். இதை அந்தக் காலத்து நம்பிக்கை என்று தள்ளிவிடலாம். ஆனால் பூமி ஆடியவுடன் அவர்கள் மனசு எங்கே ஓடியது என்பதைக் கவனியுங்கள். யார் கேட்டும் அவர்கள் சொல்லவில்லை. அது உள்ளே இருந்தது.

நிலநடுக்கத்தைத் தொடர்ந்து ஹெலட்டுகள் எழுந்தார்கள். மெஸ்ஸீனியாவின் இத்தோமே மலையில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். ஸ்பார்ட்டா ஏதென்ஸிடம் உதவி கேட்டது. வந்த படையையும் பாதியில் போதும் போங்கள் என்று திருப்பி அனுப்பியது. வந்தவர்கள் கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டால் என்ன செய்வது என்ற பயம். கிரேக்கத்திலேயே பயமறியாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள்!

ஆக, தெரியாமல் செய்த கொடுமை என்று ஸ்பார்ட்டாவுக்குச் சலுகை கொடுக்க என்னால் முடியவில்லை. அவர்கள் செய்தது ஒரு பெயர்மாற்றம். கொலைக்குப் போர் என்று பெயர். பதுங்கிக் கொல்வதற்குப் பயிற்சி என்று பெயர். பெயரை மாற்றியதும் கை நடுங்குவது நிற்கும். ஆனால் அந்தப் பெயரை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மனசாட்சியை ஒரேயடியாக வாங்கிவிட முடியவில்லை. குத்தகைக்குத்தான் எடுக்க முடிந்திருக்கிறது.

*

இப்போது வீரத்துக்கு வருகிறேன். எனக்குக் கஷ்டமான இடம் இதுதான். ஏனென்றால் தெர்மோப்பிலி பொய் இல்லை. கி.மு. 480இல் அந்தக் குறுகிய கணவாயில் 300 ஸ்பார்ட்டாக்காரர்கள் நின்று செத்தார்கள். கூடவே தெஸ்பியா ஊர்க்காரர்கள் 700 பேரும் தங்களாகவே நின்று செத்தார்கள். அவர்களுக்கு எந்த ஜிம்மிலும் சுவர் இல்லை. களத்தில் கிடந்த பிணங்களில் ஹெலட்டுகளும் இருந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் போகிறபோக்கில் எழுதுகிறார்.

அந்த 300 பேரில் யூரிட்டஸ், அரிஸ்டோடெமஸ் என்று இருவர். இருவருக்கும் கண்ணில் கடுமையான நோய். லியோனிடாஸ் அவர்களைப் பின்னால் அனுப்பிவிட்டார். பாரசீகர்கள் மலையைச் சுற்றிவந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் யூரிட்டஸ் தன் கவசத்தைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, சண்டை நடக்கும் இடத்துக்குத் தன்னைக் கூட்டிப்போகும்படி தன் ஹெலட்டுக்கு உத்தரவிட்டார். ஹெலட் கூட்டிப்போனான். கொண்டுபோய் விட்டதும் ஓடிவிட்டான். யூரிட்டஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து செத்தார். அரிஸ்டோடெமஸ் உயிரோடு ஊர் திரும்பினார். யாரும் அவருக்கு அடுப்புக்கு நெருப்புகூடக் கொடுக்கவில்லை, யாரும் பேசவில்லை. 'நடுங்கி' என்று பட்டப்பெயர். மறு ஆண்டு ப்ளாட்டியாவில் வெறிகொண்டு சண்டையிட்டுச் செத்தார். அப்போதும் மரியாதை கிடைக்கவில்லை. சாக ஆசைப்பட்டவன் செய்தது வீரமாகாது என்றார்கள்.

யூரிட்டஸைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அரிஸ்டோடெமஸைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த மூன்றாவது ஆளை. பெயர் இல்லை. கண் தெரியாத எசமானனின் கையைப் பிடித்து, ஆயிரக்கணக்கானவர்கள் ஒருவரையொருவர் குத்திக்கொண்டிருக்கும் இடத்துக்கு நடந்து போகிறான். வழியில் எங்காவது விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். கண் தெரியாதவன் எப்படித் துரத்துவான்? வேறெங்காவது கொண்டுபோய் நிறுத்தி, இதுதான் களம் என்று சொல்லியிருக்கலாம். அவன் சொன்ன இடத்துக்குச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அதற்குப் பிறகுதான் ஓடினான். அன்றைக்கு அவன் தானாக எடுத்த முடிவு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அவன் கோழையா? எதற்காக அவன் அங்கே சாக வேண்டும்? கிரேக்கத்தின் விடுதலைக்காகவா? பாரசீகன் ஜெயித்தால் ஹெலட் எதை இழப்பான்? சாவுக்கு அஞ்சாமல் நிற்பது வீரம் என்றால், நின்று காக்க ஏதாவது ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும். ஸ்பார்ட்டா அதை ஹெலட்டிடமிருந்து முதலிலேயே எடுத்துவிட்டு, பிறகு அவனிடம் வீரம் இல்லை என்றது. இது போதாதென்று ஹெலட்டுகளுக்கு மதுவை ஊற்றிக்கொடுத்துத் தள்ளாட வைத்து, குடித்தால் இப்படித்தான் ஆவாய் என்று தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். தங்கள் கண்ணியம் கண்ணியமாகத் தெரிய, பக்கத்தில் ஒருவன் கேவலப்பட்டு நிற்க வேண்டியிருந்தது.

வீரம் ஸ்பார்ட்டாக்காரனின் தனிச்சொத்து இல்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. அந்த 2,000 பேர் காணாமல் போனதைச் சொல்லும் அதே இடத்தில் துசிடிடிஸ், கி.மு. 424இல் தளபதி ப்ராஸிடாஸோடு 700 ஹெலட்டுகள் வடக்கே சண்டைக்குப் போனதைச் சொல்கிறார். 7 வயதில் யாரும் அவர்களைப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. நாணல் ஒடிக்கச் சொல்லவில்லை. போய்ச் சண்டையிட்டார்கள், திரும்பி வந்து விடுதலை பெற்றார்கள். அவர்களுக்குக் கடைசியில் நின்று காக்க ஒன்று கிடைத்திருந்தது.

யூரிட்டஸின் வீரம் போலி என்று நான் சொல்ல மாட்டேன். பார்வை மங்கிய நிலையில் சாவை நோக்கி நடந்தவனிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அவர் நடக்க இன்னொருவனின் கண் தேவைப்பட்டது. அந்தக் கண்ணை அவர் கேட்டு வாங்கவில்லை, உத்தரவிட்டு எடுத்துக்கொண்டார். ஸ்பார்ட்டாவின் எல்லா நற்குணங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது. எளிமை நிஜம்தான், தேவைக்கு மேல் வேண்டாம் என்று சொல்ல, தேவையானதை இன்னொருவன் விளைவித்துக்கொண்டே இருந்தான். சட்டத்துக்கு அடங்கிய அரசும் நிஜம்தான். மாதாமாதம் அரசனிடம் சத்தியம் வாங்கிய அதே எஃபோர்கள்தான் வருடத்துக்கு ஒருமுறை வயலின் மீது போர் அறிவித்தார்கள்.

*

சரி, அந்தச் சமத்துவமாவது நிலைத்ததா? சாப்பாட்டு மேசைக்கு மாதப் பங்கு கட்ட முடியாதவன் குடியுரிமையை இழப்பான் என்பது சட்டம். நிலம் சிலர் கையில் குவியக் குவிய, பங்கு கட்ட முடியாதவர்கள் பெருகினார்கள். 'ஒத்தவர்கள்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் 'தாழ்ந்தவர்கள்' என்று இன்னொரு வார்த்தை வந்தது. கி.மு. 480இல் சுமார் 8,000 ஆண் குடிமக்கள் இருந்ததாக ஹெரோடோட்டஸ் சொல்கிறார். அரிஸ்டாட்டில் எழுதும்போது 1,000 பேர்கூட இல்லை.

கி.மு. 398 வாக்கில் கினடோன் என்ற இளைஞன் ஒரு சதியில் இறங்கினான். வலுவானவன், துணிச்சல்காரன், ஆனால் 'ஒத்தவன்' இல்லை. துப்புக் கொடுத்தவன் எஃபோர்களிடம் சொன்னதை ஸெனஃபோன் எழுதியிருக்கிறார். கினடோன் அவனைச் சந்தையின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், இங்கே எத்தனை ஸ்பார்ட்டாக் குடிமக்கள் இருக்கிறார்கள், எண்ணு என்றானாம். அரசர், எஃபோர்கள், மூத்தோர் எல்லாம் போக 40 பேர் தேறினார்கள். இவர்கள்தான் உன் எதிரிகள், மிச்சமிருக்கும் 4,000 பேரும் உன் கூட்டாளிகள் என்றான். ஸ்பார்ட்டாக்காரனைப் பச்சையாகவே தின்னத் தயாராக இருக்கிறார்கள் என்று தாழ்ந்தவர்களையும் ஹெலட்டுகளையும் பற்றிச் சொன்னானாம். பிடிபட்ட பிறகு ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். இந்த நாட்டில் எவனுக்கும் தாழ்ந்தவனாக இருக்கக்கூடாது என்பதற்காக என்றான். ஸ்பார்ட்டாவின் இலட்சியத்தை அதைவிடச் சுருக்கமாக எந்த ஸ்பார்ட்டாக்காரனும் சொல்லியிருக்க முடியாது. கழுத்தில் பூட்டுப் போட்டு, சாட்டையால் அடித்து, ஊர் முழுக்க இழுத்துப்போனார்கள்.

கி.மு. 371இல் லியூக்ட்ரா என்ற இடத்தில் தீப்ஸ் நகரத்துப் படை ஸ்பார்ட்டாவைத் தோற்கடித்தது. களத்தில் நின்ற 700 ஸ்பார்ட்டாக் குடிமக்களில் 400 பேர் செத்தார்கள். ஒரு பிற்பகலில் ஒரு ஊரின் கதை முடிந்தது. அதற்குமேல் எடுத்துப்போட ஆள் இல்லை.

*

இவ்வளவு தெரிந்தும் ஸ்பார்ட்டா ஏன் இன்னும் மயக்குகிறது? ப்ளூட்டார்க்கைப் பாருங்கள். க்ரிப்டியாவை விலாவாரியாக எழுதியவர் அவர்தான். எழுதி முடித்ததும் அவருக்குச் சங்கடமாகிவிடுகிறது. ஸ்பார்ட்டாவுக்குச் சட்டம் தந்ததாகச் சொல்லப்படும் லைகர்கஸ் மென்மையான மனிதர், இதை அவர் செய்திருக்க மாட்டார், நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்ததாக இருக்கும் என்று முடித்துவைக்கிறார். பிடித்தமானவர்களின் குற்றத்தை நாம் எல்லோரும் இப்படித்தான் தேதி மாற்றி வைப்போம். 1933இல் ஃபிரான்ஸ்வா ஒலியே என்ற பிரெஞ்சு அறிஞர் இந்த மயக்கத்துக்கு 'ஸ்பார்ட்டக் கானல்நீர்' என்று பெயர் வைத்தார்.

மயங்காமல், தெளிவாகப் பார்த்தே ஸ்பார்ட்டாவை விரும்பியவர்களும் உண்டு. 1928இல் எழுதி, தான் உயிரோடு இருந்தவரை வெளியிடாத நூலில் ஹிட்லர் ஸ்பார்ட்டாவைப் புகழ்கிறார். ஒரு சிறு கூட்டம் பெருங்கூட்டத்தை அடக்கி ஆண்டதற்காகவே புகழ்கிறார். ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை செத்துக்கொண்டிருந்த 1943 ஜனவரியில் கோரிங் வானொலியில் பேசியது தெர்மோப்பிலியைப் பற்றி. அவர்களுக்கு ஹெலட்டுகள் கண்ணில் பட்டார்கள். அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

நாம் அப்படி இல்லை. நாம் ஹெலட்டைக் கத்தரித்துவிட்டுத் தலைக்கவசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொள்ளட்டும், தவறில்லை, பச்சைத் தண்ணீரில் குளிப்பதற்கு யாரும் சாக வேண்டியதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஒரு நற்குணத்தைப் பார்த்து வியக்கும்போது, அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கீழே யார் நிற்கிறார், அவரிடம் கேட்டால் இதற்கு என்ன பெயர் சொல்வார் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். நமக்கு ஒழுங்காகத் தெரிவது அவருக்கும் ஒழுங்காகத் தெரிந்தால் அது அறம். அவரிடம் கேட்பதற்கே பயமாக இருந்தால், நாம் எங்கேயோ ஒரு போரை அறிவித்து வைத்திருக்கிறோம்.

லியூக்ட்ராவுக்கு அடுத்த ஆண்டின் குளிர்காலத்தில் தீப்ஸின் தளபதி எபமினோண்டஸ் மெஸ்ஸீனியாவுக்குள் நுழைந்து ஹெலட்டுகளை விடுவித்தார். கி.மு. 369இல் இத்தோமே மலையடிவாரத்தில் மெஸ்ஸீனே என்ற புது நகரம் எழுந்தது. சுற்றிலும் கல்லில் மதில் கட்டினார்கள். கோபுரங்களோடு, மலைமேல் ஏறி இறங்கும் பெரிய மதில். அதில் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். ஸ்பார்ட்டா காலியாகிப்போனால் அதன் மிச்சங்களைப் பார்த்து, இது ஒரு காலத்தில் இவ்வளவு பலமான நாடாக இருந்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள் என்று துசிடிடிஸ் முன்பே எழுதியிருந்தார். அப்படித்தான் ஆகியிருக்கிறது. அங்கே பார்க்க அதிகம் இல்லை.

மதில் தேவையில்லை என்று பெருமை பேச மெஸ்ஸீனேக்காரர்களுக்கு ஆசை இருந்திருக்காது. மலைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.